மறுத்துரைத்தோர் இருவர்

எல்லோரும் ஏற்ற கருத்தொன்றைத் தனியொருவர் மறுக்கும்போது நாம் எவர் பக்கம் நிற்பது? முற்போக்காளர் பலர் ஆராயாமலே விடை கூறிவிடுவர்: மறுப்பவர் பக்கமே! வைரசு ஆராய்ச்சியின் வரலாறு அத்துணை எளிய விடைக்கு இடந்தருவதில்லை.

1958இல் பிரான்சிஸ் கிரிக் உயிரியலின் 'மையக் கோட்பாட்டை' வெளியிட்டார். புரதத்தினுட் புகுந்த மரபுச் செய்தி மீண்டு வாராது என்பதே அதன் சாரம். பாடநூல்களோ டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம், இதுவே ஒருவழிப்பாதை எனச் சுருக்கிக் கற்பித்தன. குரு விலக்காததைச் சீடர் விலக்குவது சமயங்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஹவார்ட் டெமின், கோழிகளிற் புற்றுநோயை உண்டாக்கும் ரவுஸ் வைரசை ஆராய்ந்தவர். அதன் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.; ஆயினும் டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. உண்டாவதைத் தடுக்கும் அக்டினோமைசின், அவ்வைரசின் பெருக்கத்தையும் தடுத்தது. ஆகவே, வைரசு தன்னை டி.என்.ஏ.யாகப் படியெடுத்துக் கலத்தினுள் தங்குகிறது என்று 1964இல் அவர் கூறினார். நம்பியோர் மிகச் சிலர். மற்றையோரைப் பழிப்பதற்கில்லை, சான்று மறைமுகமானது. ஆனால் ஐயுறுதல் வேறு, 'கோட்பாடு இடந்தராது' என வாயிலைச் சாத்துதல் வேறு.

1970இல் டெமினும் மிசுத்தானியும் ஒருபுறம், டேவிட் போல்டிமோர் மறுபுறம், வைரசுத் துகளினுள்ளேயே அந்நொதியத்தைக் கண்டனர். கலத்திலிருந்து பெற்ற சிறிய ஆர்.என்.ஏ. ஒன்றைத் தொடக்கப்பிடியாகக் கொண்டு அது டி.என்.ஏ. இழையைப் பின்னும்; மூல ஆர்.என்.ஏ.யைத் தானே சிதைக்கும். பின்னர் இரண்டாம் இழையையும் ஆக்கும். தன் பிழையைத் திருத்தும் ஆற்றல் அதற்கில்லை. எயிட்ஸ் வைரசு ஓயாது உருமாறுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவகத்தார் அவ்வைரசைக் கண்டதும் இந்நொதியத்தின் செயலைத் தடம்பற்றியே.

1987இல் இன்னொருவர் மறுத்தார். இதே வைரசுக் குடும்பத்தை ஆராய்ந்து பெயர்பெற்ற பீட்டர் டியூஸ்பேர்க், எயிட்சுக்குக் காரணம் அவ்வைரசன்று என்றார். அவரும் தனியர், அவரும் பெரும்பான்மையாற் புறக்கணிக்கப்பட்டவர். 2000இல் தென்னாபிரிக்க சனாதிபதி தாபோ இம்பெக்கி அவரைத் தம் ஆலோசனைக் குழுவிற் சேர்த்தார். இம்பெக்கிக்கு மருந்துக் கம்பனிகள்மீதிருந்த ஐயம் காரணமற்றதன்று. 1998இல் அவை அந்நாட்டு அரசின்மீது வழக்கே தொடுத்திருந்தன. ஆனால் விலை அநீதியானது என்பதால் மருந்து பொய்யாகிவிடுமா? சிகிச்சை தாமதித்தமையால் 2005 வரையில் மூன்று இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் வீணாயின என ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று 2008இற் கணித்தது.

டெமின், தம் கூற்றை வீழ்த்தக்கூடிய சோதனையைத் தாமே தேடிச் சென்றவர். நொதியம் அகப்படாதிருப்பின் அவர் கூற்று நலிந்திருக்கும். டியூஸ்பேர்க்கின் கூற்றோ, 1996இன் பின் கூட்டுமருந்துகளால் மரணங்கள் வீழ்ந்தபோதும் அசையவில்லை. எந்தச் சான்று வந்தாலும் தளராத மறுப்பு, தான் எதிர்க்கும் கோட்பாட்டினும் இறுகிய கோட்பாடாகிவிடுகின்றது.

தென்னாபிரிக்க நோயாளர் இயக்கம் இதனை நன்குணர்ந்திருந்தது. 2001இல் அது கம்பனிகளுக்கு எதிராக அரசின் பக்கம் நின்றது. அதே இயக்கம் அரசுக்கு எதிராகவும் வழக்காடி, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாது காக்கும் நெவிரப்பீனை வழங்குமாறு 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்றது. நெவிரப்பீன் தடுப்பது, டெமின் தேடிக்கண்ட அந்நொதியத்தையே.