அம்மாயியின் தாயகம்

இறந்தோரை நினைவுகூர்வது கடமை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஆண்டு நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். வசதியுள்ளோர் நாளிதழில் நிழற்படமும் வெளியிடுகின்றனர். ஆயின் நாம் நினைவுகூர்வது இறந்தவரையா, அல்லது அவரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டதையா? இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டு நாம் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம்.

அடக்கத் திருப்பலிக்கு முன் மறையுரைக்கான குறிப்புகளைக் குடும்பத்தாரிடம் கேட்டுப் பெறுவது என் வழக்கம். இறந்தவர் பாட்டியாக இருப்பின் குறிப்புகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்துவிடும். அன்பானவர், கைப்பக்குவம் மிக்கவர், செபமாலை தவறாதவர், பேரப்பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். இவற்றுள் எதுவும் பொய்யன்று. எனினும் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதே தாள் அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்திவிடும்.

மேட்டுப்பாளையத்தில் சில ஆண்டுகளுக்கு முன் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி இறந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தம் பாட்டியரை 'அமுச்சி' என்றழைக்க, இவர் வீட்டுப் பிள்ளைகள் 'அம்மாயி' என்றழைத்தனர். அந்த ஒரு சொல்லைத் தவிர, அவர் வேறு மண்ணில் பிறந்தவர் என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. குறிப்புத்தாளைக் கொண்டுவந்த பேரன் சற்றுத் தயங்கி நின்றார். "சிலோன் பேச்சு மட்டும் வேண்டாங்க ஃபாதர். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம். அகதிக் குடும்பம்னு நினைச்சுக்குவாங்க."

அந்த இளைஞர் பாட்டியை நேசித்தவர். மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்தவர். அதனால்தான் அவருடைய வேண்டுகோள் என்னை இன்னும் சிந்திக்க வைக்கிறது. நேசிக்கும் ஒருவரின் வாழ்விலிருந்து முதல் முப்பத்தைந்து ஆண்டுகளை வெட்டியெடுத்துவிட்டு எஞ்சியதை அடக்கம் செய்ய அன்புக்கு உரிமை உண்டா?

வெட்டப்பட இருந்தது எது என்பதைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிகளின் பின்னே இலங்கை சென்றனர் நம் மக்கள். முதலில் காப்பித் தோட்டங்கள். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை. காட்டை அழித்து மலையைப் பசுமையாக்கிய அவர்களின் பேரப்பிள்ளைகளை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

அந்த மூதாட்டி ஹட்டன் அருகே ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்தவர். அவர் தாயும் அங்கேயே பிறந்தவர். தலைமன்னாருக்குச் சென்ற தொடர்வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்பர். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இலங்கையும் தங்கைக்கு இந்தியாவும் விதிக்கப்பட்டதுண்டு. நிலையத்தில் எழுந்த ஓலத்திற்கு அது போதாதா? பின்னர் 'இராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம், மண்டபம் முகாம், கையில் ஒரு குடும்ப அட்டை, மீண்டும் தொடர்வண்டி, இறுதியில் நீலகிரி மலையடிவாரம். திரும்பியோருக்கு வேலையளிக்கவே 1968இல் வனத்துறையின் கீழ்த் தொடங்கப்பட்டு, 1976 முதல் தனி நிறுவனமாக இயங்கும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கோத்தகிரிப் பக்கம் சில ஆண்டுகள் கொழுந்து பறித்தார். கணவர் இறந்தபின் பிள்ளைகளுடன் மலையிறங்கி, இங்குள்ள உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு தரம் பிரித்துப் பிழைத்தார். (நம் நகரங்களில் 'ரெப்கோ வங்கி' என்ற பெயர்ப்பலகையைத் தாண்டிச் செல்கிறோம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969இல் எழுந்தது அது என்பதை எத்தனை பேர் அறிவர்?)

அரசு இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டது. அழகிய சொல்தான். ஆனால் ஒருபோதும் கண்டிராத ஊருக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப இயலும்? அங்கே 'இந்தியாக்காரி', இங்கே 'சிலோன்காரி'. இரு நாடுகளும் அவரை மற்ற நாட்டிற்குரியவர் என்றே அழைத்தன.

திருவிவிலியத்தில் இத்தகைய மூதாட்டி ஒருவரைக் காண்கிறோம். ரூத்து நூலை நாம் மருமகளின் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். மாமியார் நகோமியை மறந்துவிடுகிறோம். பஞ்சத்தால் மோவாபு சென்று, அங்கே கணவரையும் இரு மைந்தரையும் புதைத்துவிட்டு, முதுமையில் பெத்லகேம் திரும்பியவர் அவர். ஊர்ப்பெண்கள் அடையாளம் தெரியாமல் வியந்தபோது, இனிமை என்று பொருள்படும் தம் பெயரால் அழைக்கவேண்டாம், கசப்பு என்று பொருள்படும் 'மாரா' என்ற பெயரால் அழையுங்கள் என்கிறார். பின்னர் பேரன் ஓபேது அவர் மடியில் கிடத்தப்படுகிறான்; வாழ்வு மலர்கிறது. எனினும் நூலாசிரியர் பின்னோக்கிச் சென்று அந்தக் கசந்த சொற்களை நீக்கிவிடவில்லை. ரூத்தையும் 'மோவாபியப் பெண்' என்றே மீண்டும் மீண்டும் குறிப்பிடுகிறார். தாவீதின் குலத்துக்கே இழுக்கு என்று கருதப்படக்கூடிய செய்தி அது! மத்தேயுவோ அவர் பெயரை இயேசுவின் தலைமுறை அட்டவணையிலேயே எழுதிவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பர் என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நம் காலத்திலும் சான்று உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் பாட்டி ரோசாவைப் பற்றி அடிக்கடி பேசியவர். 1929இல் இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்து புவெனோஸ் ஐரிசில் இறங்கியபோது, அந்நாட்டின் கடுங்கோடையிலும் ரோசா ஒரு கம்பளி உரோம மேலாடையைக் கழற்றவில்லை. குடும்பச் சொத்தை விற்ற பணம் அதன் உட்புறத்தில் தைக்கப்பட்டிருந்தது. பாட்டி தமக்குச் செபிக்கக் கற்பித்ததோடு, இந்த மேலாடையின் கதையையும் திருத்தந்தையின் குடும்பம் மறைக்காமல் காத்துவந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'பாட்டியே அதைப்பற்றிப் பேசியதில்லையே. அவர் மௌனத்தை நாம் மதிக்கவேண்டாமா?' நேர்மையான மறுப்பு, விரைந்து ஒதுக்கத்தக்கதன்று. துயரத்தைச் சொல்லாமல் காப்பது துயருற்றவரின் உரிமை. அவர் மூடிய கதவை இறந்தபின் உடைத்துத் திறப்பது அன்பாகாது. ஆனால் அவர் நெஞ்சு தாங்காமல் காத்த மௌனம் வேறு. நம் மதிப்பு குறையாதிருக்க நாம் மேற்கொள்ளும் மௌனம் வேறு. முன்னது அவருடைய காயம். பின்னதில் அவர் எதற்காக வெட்கப்படவில்லையோ அதற்காக நாம் அவர் சார்பில் வெட்கப்படுகிறோம். அது நீதியன்று.

இந்த மறதிக்கு வேறொரு விலையும் உண்டு. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞர்கள் நம் ஆலைகளிலும் கட்டடங்களிலும் உழைக்கின்றனர். அவர்களை 'வடக்கன்' என்று இகழும் குரல்களில், கப்பலில் வந்திறங்கிய பாட்டியரின் பேரர்களின் குரலும் கலந்திருப்பதைத் தேநீர்க் கடைகளில் கேட்டிருக்கிறேன்.

மெக்சிகோ நாட்டுக் கத்தோலிக்கர் நவம்பர் முதல் இரு நாள்களில் வீட்டில் ஒரு பீடம் அமைத்து, இறந்தோரின் படம் வைத்து, செண்டுமல்லியால் அலங்கரிப்பர். (நம் மாலைகளில் நிறைந்திருக்கும் அந்தப் பூவே அங்கிருந்து குடியேறி வந்ததுதான்!) பிழைப்புக்காக அமெரிக்கா சென்ற குடும்பங்களும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. இறந்தவர் விரும்பி உண்ட உணவையும் அப்பீடத்தில் வைக்கின்றனர். இதை எண்ணி நம் பேரப்பிள்ளைகள் சிலரிடம், 'உங்கள் பாட்டிக்குப் பிடித்த உணவு எது?' என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் சமைத்தவற்றை நாவூறச் சொல்கின்றனர். அவருக்குப் பிடித்தது எது என்றால் விழிக்கின்றனர்.

மறையுரையைப் பற்றிய முடிவை நான் எடுக்கவில்லை. பத்து வயதில் கப்பலேறி வந்த மகள் இருக்கிறாரே, அவரிடம் கேட்போம் என்றேன். அவர் மகனை ஏறிட்டுப் பார்த்தார். "சொல்லுங்க ஃபாதர். அங்க பொறந்தது என்ன திருட்டா?" பிறகு நான் கேளாமலே, அம்மாவுக்கு ரொட்டியும் மாசிச் சம்பலும் என்றால் உயிர் என்றும், வந்த புதிதில் இங்கே மாசி கிடைக்காமல் போக, அப்புறம் அவர் அதைக் கேட்பதையே விட்டுவிட்டார் என்றும் சொன்னார்.

அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பின் அக்குடும்பம் மீண்டும் வந்தது. கண்டி மறைமாவட்டத்துக்கு எழுதினால் அம்மாவின் திருமுழுக்குப் பதிவின் நகல் கிடைக்குமா என்று மகள் கேட்டார். முயன்று பார்க்கலாம் என்றேன். கடிதத்தை எழுதியவர் அந்தப் பேரன்தான். தோட்டத்தின் பெயரைப் பிழையின்றி எழுத, தாயிடம் இருமுறை கேட்டுக்கொண்டார்.