இப்பியும் வெள்ளியும்: நின்றுபோன அப்கிரேடும் அளவை நூலும்

வீட்டுக் கணினியில் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு அப்கிரேடு செய்யும்போது வேலை பாதியில் நின்றுவிட்டால், விண்டோஸ் அதுவரை செய்த மாற்றங்களைத் தானே கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நெடுநேரம் சுழன்ற திரை, நிறுவ முடியவில்லை என்று சொல்லி ஓர் எண்ணைக் காட்டும். அதன்பின் கணினி முன்போலவே ஓடும். தடை எழுந்த சூழல் அந்தத் திரும்புதலிலேயே கலைந்துபோயிருக்கும். கண்முன் மிஞ்சுவது விளைவு மட்டும். விளைவை மட்டும் கண்டவர் காரணத்தை அறிந்துவிட்டதாக எப்போது சொல்லலாம் என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. அறிவு எந்த வழியாக வருகிறது, அதில் எது நம்பத்தக்கது என்று ஆராயும் அந்தத் துறைக்குத் தமிழில் அளவை என்று பெயர்.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 27ஆம் காதை இதைப் பேசுகிறது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் வாய் திறப்பவன் அளவைவாதி. கருதல் அளவையை, அதாவது அனுமானத்தை, அவன் மூன்றாகப் பிரிக்கிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்பது எச்சம். கருமுகில் கண்டு மழை பெய்யும் என்பது முதல். பழுது பார்ப்பவரின் வேலை பெரும்பாலும் நடுவில் உள்ள எச்சம்தான். சி டிரைவ் நிறைந்து கிடப்பதைப் பார்த்து ‘இதில் அப்கிரேடு ஏறாது’ என்று முன்கூட்டியே சொல்வது முதல்; அப்படிச் சொல்லக்கூடியவரை யாரும் முன்னால் கூப்பிடுவதில்லை.

எச்சத்துக்கான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டுக் கடலோர ஊரான கீழவைப்பாருக்கு நன்றாகப் பொருந்தும். அந்த ஊர் இருப்பது வைப்பாற்றின் முகத்துவாரத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து சாத்தூர் வழியாக வந்து மன்னார் வளைகுடாவில் விழும் அந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். கரையில் ஒரு தூறல்கூட விழாத நாளில் ஆற்றில் தண்ணீர் வந்தால், மேற்கே மழை என்று சொல்ல நூலறிவு தேவையில்லை. ஆனால் நியாய மரபின் மூலநூலான நியாய சூத்திரம் இந்த இடத்திலேயே ஒரு தடையை எழுப்புகிறது: ஆறு பெருகுவது மழையால்தான் என்று எப்படிச் சொல்வது? எங்கோ நீர் தடைபட்டதாலும் பெருகலாமே? வைப்பாற்றுக்கு இந்தத் தடை வெறும் வாதம் அல்ல. மேலே வெம்பக்கோட்டையில் அணை இருக்கிறது, மதகைத் திறந்தாலும் தண்ணீர் வரும். நூல் சொல்லும் விடையை உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விரிக்கிறார். வெறும் நீர்ப்பெருக்கைக் கொண்டு மழையைக் கருதுவதில்லை. வேகம், நுரை, அடித்து வரும் பழம், இலை, கட்டை ஆகியவற்றோடு கூடிய பெருக்கைக் கொண்டே கருதுகிறோம் என்கிறார். அடையாளம் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவுக்கு அனுமானம் நிற்கும்.

‘அப்கிரேடு ஆகவில்லை’ என்பது வெறும் நீர்ப்பெருக்கு. திரையில் வரும் எண் அதைவிடச் சற்று நுணுக்கமான அடையாளம். ஆனால் எல்லா எண்ணும் ஒரே தரம் அல்ல. 80070070 என்று வந்தால் வட்டில் இடம் போதவில்லை என்பது நேரான பொருள். சி1900101 என்று தொடங்கினால் அப்படி இல்லை. அது பொதுவான ‘திரும்பிவிட்டேன்’ என்ற அறிவிப்பு; ஏதோ ஒரு டிரைவர் ஒத்துவராதபோது பெரும்பாலும் வரும், எந்த டிரைவர் என்று சொல்லாது. அதன் பின்னால் கோடு போட்டு வரும் இரண்டாம் எண்ணை, பலர் எழுதி வைக்காமல் விட்டுவிடும் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 20017, 30018 என்பவை போன்ற எண்களில் முதல் இலக்கம் எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்பதைக் குறிக்கிறது. 1 என்றால் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்த முதற்கட்டம். 2 என்றால் சிறிய மீட்புச் சூழலில் கோப்புகளை இடம் மாற்றும் கட்டம். 3 என்றால் புதிய விண்டோஸ் முதன்முதலாகத் தொடங்கும் கட்டம். 4 அதற்கடுத்த தொடக்கம். இரண்டாம் கட்டத்தில் நின்றதற்கும் நான்காம் கட்டத்தில் நின்றதற்கும் ஒரே மருந்து கொடுப்பவர் நுரையையும் கட்டையையும் பாராமல் மழை என்பவர்.

எண் என்பது அளவை நூலின்படி காண்டலும் (நேரில் அறிதல்) அல்ல, கருதலும் அல்ல, அது உரை (பிறர் சொல்லால் அறிதல்). சொல்பவர் நம்பத்தக்கவரா, அறிந்து சொல்கிறாரா என்று உரையைச் சோதிக்க வேண்டும். கணினி பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் தனக்குத் தெரிந்ததை மட்டுமே அது சொல்லும். சி டிரைவில் மறைந்திருக்கும் ‘பாந்தர்’ என்ற கோப்புறையில் நிறுவுதலின் நாட்குறிப்பு கிடைக்கும். அதில் பிழை என்று குறித்த வரிகள் ஏராளம்; பெரும்பாலானவை ஓடிமுடிந்த அப்கிரேடிலும் வருபவை. கடைசிப் பிழையே காரணம் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. திரும்பத் தொடங்கிய பிறகு எழுதப்படும் பிழைகள் காரணத்தால் விளைந்தவை, காரணம் அல்ல.

அளவைவாதி அறிவின் போலிகள் எட்டையும் அடுக்குகிறான். அவற்றில் சில இவை. ஏதோ ஒன்று உண்டு என்ற அளவில் நின்றுவிடுவது சுட்டுணர்வு. கட்டையா மனிதனா என்று தயங்குவது ஐயம். ஆராயாமலே மனிதன் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். புலி நெருங்குவதைக் கண்டும் உணராதிருப்பது கண்டுணராமை. பிறர் சொன்னதைக் காரணம் கேளாமல் கொள்வது நினைப்பு. முன்னெச்சரிக்கைத் திரை எந்த மென்பொருள் ஒத்துவராது என்று பெயர் சொல்லிக் காட்டியும், படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்துவது கண்டுணராமைக்கு இன்றைய எடுத்துக்காட்டு. நினைப்புக்கு எடுத்துக்காட்டே தேவையில்லை.

எட்டில் ஒன்று மட்டும் தனியே பேசத் தக்கது: திரியக் கோடல், அதாவது ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல். அதற்குச் சாத்தனார் தரும் எடுத்துக்காட்டு, ஒளிவிடும் இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளி என்று எண்ணுவது. இந்திய மெய்யியல் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் எடுத்துக்காட்டு இது. கீழவைப்பாருக்குப் பக்கத்து ஊரின் பெயரே சிப்பிகுளம். முத்துக்குளிப்பு இந்தக் கரையில் 1961உடன் நின்றுபோனாலும், சிப்பியின் உட்புறம் எப்படி மின்னும் என்பது இங்கே தெரிந்த விஷயம். இந்த மயக்கத்தை நியாய மரபினரான நையாயிகர்கள் விளக்கும் விதம் கவனிக்கத் தக்கது. வெள்ளி பொய் அல்ல. அது வேறெங்கோ உண்மையில் கண்ட வெள்ளி. பளபளப்பு என்ற ஒற்றுமை அந்த நினைவைத் தூண்ட, நினைவில் உள்ளது எதிரே கிடப்பதன்மேல் ஏறிக்கொள்கிறது. அப்படியானால் வெள்ளியைக் கண்டிராதவனுக்கு இந்த மயக்கம் வராது. அனுபவம்தான் பிழைக்கு மூலப்பொருள். போன வாரம் பார்த்த கணினியில் ஆன்டிவைரஸ் தடுத்தது, இன்றைய கணினியும் அதே சதவீதத்தில் நின்றிருக்கிறது, ஆகவே ஆன்டிவைரஸ். கைதேர்ந்தவர்கள் தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். புதியவர் ஐயத்தில் தவிப்பார், பழகியவர் திரியக் கோடலில் விழுவார். இரண்டில் ஐயமே மேல். அது குறைந்தது அடுத்த சோதனைக்கு அழைத்துப்போகும்.

விளைவு தோன்றும் இடமும் காரணம் இருக்கும் இடமும் வேறாக இருந்தால் மயக்கம் இன்னும் கூடும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கால இயந்திரங்களில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இத்தகைய இரட்டை ஏற்பாட்டை உலகம் முழுவதும் தடுமாற வைத்த நிகழ்வு 2024 ஆகஸ்டில் நடந்தது. 13ஆம் தேதி வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகளில் விண்டோஸ் பழுதில்லாமல் ஓடியது. லினக்ஸ் தொடங்க மறுத்து, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று சொல்லி நின்றது. இரண்டுக்கும் பொதுவான செக்யூர் பூட் நினைவகத்தில் விண்டோஸ் எழுதிய புதிய தடைப்பட்டியல், லினக்ஸின் பழைய தொடக்க நிரலை விலக்கிவிட்டதுதான் காரணம். பழுதைக் காட்டியது லினக்ஸ் என்பதால் லினக்ஸைத் திரும்ப நிறுவ முனைந்தவர்கள், கழிமுகத்தில் நின்று மழையைத் தேடியவர்கள்.

காரணத்தைப் பிடிக்க நடைமுறையில் கையாளும் வழி விலக்கிப் பார்ப்பது. பென்டிரைவ், பிரிண்டர் முதலியவற்றைக் கழற்று, ஆன்டிவைரஸை நீக்கு, டிரைவரைப் புதுப்பி, இடத்தைக் காலி செய். அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் இதற்கு ஒழிபு என்று பெயர் உண்டு. இவர் இல்லை, அவர் இல்லை, ஆகவே எஞ்சியவர் என்பது அதன் வடிவம். ஆனால் அதைத் தனி அளவையாக ஏற்காமல் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார். அடக்கியது சரி என்றே தோன்றுகிறது. சந்தேகத்துக்குரியவர் பட்டியல் முழுமையாக இருந்தால் மட்டுமே ஒழிபு செல்லும். பட்டியல் முழுமை என்பதை ஒழிபே சொல்லாது, அது வேறு அறிவிலிருந்து வர வேண்டும்.

இன்னொரு சிக்கல் உபாதி. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம், சிவஞான முனிவர் மொழிபெயர்ப்பால் தமிழுக்கு வந்த நூல், இதை எளிய எடுத்துக்காட்டால் விளக்குகிறது. நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகு வேண்டும். அந்த ஈரம்தான் உபாதி, கண்ணுக்குப் படாமல் கூடவே வந்த நிபந்தனை. ஆன்டிவைரஸை நீக்கியதும் அப்கிரேடு ஓடிமுடிந்தது என்று வைத்துக்கொள்வோம். நீக்கும்போது கணினி ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். பல நாளாக அதற்காகக் காத்திருந்த வேறொரு அப்டேட் அப்போது முடிந்திருக்கும். தடையை நீக்கியது ஆன்டிவைரஸின் இன்மையா, ரீஸ்டார்ட்டா? உள்ளபோது உண்டு, இல்லாதபோது இல்லை என்று இருபுறமும் காட்டினால்தான் தொடர்பு உறுதிப்படும். நான்கு மருந்தை ஒன்றாகக் கொடுத்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வேலை முடிந்துவிட்டதே, காரணம் சரியாக இருந்தால்தானே முடியும் என்று கேட்கலாம். நையாயிகர்கள் ஓரளவு அந்தப் பக்கம்: ஓர் அறிவு மெய் என்பது, அதை நம்பிச் செய்த செயல் பலிப்பதால் தெரியவரும் என்பார்கள். மீமாம்சை மரபினரான மீமாம்சகர்கள் ஒப்பவில்லை, அறிவு தன்னளவில் மெய், பின்னால் பிழை தெரியவந்தால்தான் தள்ளப்படும் என்றார்கள். இருவரையும் சேர்த்து மறுத்தவர் 12ஆம் நூற்றாண்டின் ஸ்ரீஹர்ஷர். மூடிய கையில் எத்தனை சோழி என்று கேட்டபோது ஒருவன் குத்துமதிப்பாக ஐந்து என்கிறான், திறந்தால் ஐந்து. சொன்னது மெய்; அவன் அறிந்தான் என்று சொல்ல முடியாது. பலித்த அப்கிரேடுகளில் கணிசமானவை இந்தச் சோழிக் கணக்கில் சேரும்.

கடைகளில் ‘ஃபார்மேட் அடிச்சிரலாம்’ என்று சொல்வது இந்த விசாரணையை முழுதாகத் தவிர்க்கும் வழி. வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவினால் டிரைவர், ஆன்டிவைரஸ், பழைய குப்பை எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். காரணமும் அவற்றோடு போய்விடும். படமும் ஆவணமும் வேறிடத்தில் பத்திரமாக இருந்தால் வீட்டுக்காரருக்கு அதில் நட்டம் இல்லை. வட்டு தேய்ந்தோ நினைவகச் சில்லு கெட்டோ இருந்தால் மட்டும், அதே பழுது சில நாளில் திரும்பி வந்து, துடைத்தவற்றில் காரணம் இருக்கவில்லை என்று காட்டும். காரணம் தெரிய வேண்டும் என்பவருக்குக் குறுகிய அவகாசம் உண்டு. ஓடிமுடிந்த அப்கிரேடுக்குப் பிறகு விண்டோஸ் தன் பழைய பதிப்பை வழக்கமாக 10 நாள் வைத்திருக்கும். அதற்குள் பின்னே போய், நீக்கியவற்றில் ஒன்றை மட்டும் திரும்பப் போட்டு, மறுபடி முயன்று பார்க்கலாம். 10 நாள் கழிந்தால் பழைய பதிப்பு அழிந்துவிடும். இருபுறச் சோதனையில் ஒரு புறம் எட்டாமல் போகும்.