பருவமும் கைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே நீர் காண்பது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கிக் கிணறுகளில் ஊறி, எஞ்சிய மாதங்களுக்கு நம்மை வாழவைக்கிறது. ஆகவே பருவம் என்பது நமக்கு வெறும் காட்சியன்று, வாழ்க்கையின் கணக்கு. தொல்காப்பியர் பெரும்பொழுதை ஆறாக வகுத்தார். நம் கடற்றொழிலாளரோ வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனக் காற்றுகளைக் கொண்டே காலத்தை அறிந்தனர்.

பருவ மாற்றத்தை மனமுவந்து ஏற்றுக்கொள்க. நாள்தோறும் ஒரு வரியேனும் எழுதுக, ஒரு சித்திரமேனும் தீட்டுக. அதனால் உள்ளம் மலரும் என்னும் அறிவுரை இன்று பரவலாகக் கூறப்படுகிறது. நல்ல அறிவுரைதான். ஆயினும் அஃது யாருக்குக் கூறப்படுகிறது என்று நாம் கேட்டல் வேண்டும்.

ஓர் ஐப்பசியில் நம் மாணவரிடம் பருவக் குறிப்பேடு ஒன்று எழுதுமாறு பணித்தோம். பலர் முகிலையும் மின்னலையும் வருணித்தனர். ஒரு மாணவன் எழுதியது இவ்வளவே: 'இன்று மழை. வீட்டில் ஏனம் போதவில்லை.' இன்னும் விரித்து எழுதலாம் எனச் சிவப்பு மையால் குறித்துத் திருப்பிக் கொடுத்தோம். அவை ஒழுக்குக்கு வைக்கும் ஏனங்கள் என்பது பிறகே நமக்கு விளங்கிற்று. விரித்து எழுத அதில் என்ன இருந்தது? சுருங்கிப்போயிருந்தது அவனுடைய எழுத்தன்று, நம்முடைய பார்வை.

பருவம் எல்லார்க்கும் ஒன்றாக வருவதில்லை. கோடையில் கிணறு வற்றுவது இயற்கை. ஆனால் நீர் உள்ள கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, யாரேனும் வந்து வார்க்கும்வரை குடத்தோடு காத்து நின்றவர்களும் இம்மண்ணில் வாழ்ந்தனர், கே. டானியலின் 'தண்ணீர்' நாவல் அக்கொடுமையையே பேசுகிறது. 1995 ஒக்டோபர் 30இல் இலட்சக்கணக்கான மக்கள் போருக்கு அஞ்சி, மாரி மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவர்களிடம் மழையை ஏற்றுக்கொள்ளச் சொல்வார் உண்டோ? மழை இயற்கையின் செயல். கூரையின்மை இயற்கையின் செயலன்று. இரண்டையும் ஒன்றாக்கி ஏற்கச் சொல்லும் தத்துவம், வறுமைக்கு இயற்கையின் பெயரைச் சூட்டுகிறது.

அப்படியாயின் குறிப்பேட்டைக் கைவிடுவதா? அதுவும் தவறு. அழகு வசதியுள்ளோரின் உடைமை என்று ஒப்புக்கொள்வதாகவே அது முடியும். பருவங்களின் கலையை இங்கு உண்டாக்கியவர் யார்? பனம்பழத்தைப் பிசைந்து, களியைப் பாயில் ஊற்றி வெயிலிற் காயவைத்துப் பனாட்டாக்கினர். விதைகளைப் பாத்தியிட்டு மாரி ஈரத்திற் கிழங்காக்கினர். கிழங்கைப் பிளந்து உலர்த்தி ஒடியலாக்கினர். கோடையில் வேலி அடைத்தனர். சாயமிட்ட ஓலையில் பெட்டி இழைத்தனர். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் ஆக்கினர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்நாளின் மகிழ்ச்சியைக் குழந்தைகளுக்குப் பாட்டாக்கித் தந்தார். இவையெல்லாம் அன்றாடச் சிறு பழக்கங்களே. இவற்றுட் பெரும்பாலானவை உழைப்பாளரும் பெண்களும் கைகளாற் படைத்தவை. கலை உழைப்பின் மடியிற் பிறந்ததென ஜோர்ஜ் தொம்சன் போன்ற அறிஞர் விளக்கியதை மெய்ப்பிக்க நமக்கு ஒரு பெட்டியின் பின்னலே போதும். ஆனால் அதனை இழைத்த கைகளுக்குக் கலைஞர் என்ற மதிப்பை நாம் தந்தோமா?

ஆகவே பருவத்தை ஏற்பது என்றால் அடங்கிக் கிடப்பது என்று பொருளன்று. அன்றன்று உற்று நோக்குதல், நோக்கியதற்குக் கையால் விடையளித்தல் என்பதே அதன் பொருள். உற்று நோக்கும் பழக்கம் வந்துவிட்டால், கண் அழகில் மட்டும் நின்றுவிடாது, அநீதியையும் கண்டேதீரும். இப்பொழுது நம் மாணவர் கிணற்று நீரின் மட்டத்தைக் கயிறிட்டு அளந்து எழுதுகின்றனர். வீட்டில் அன்று யார் என்ன வேலை செய்தார் என்பதையும் எழுதுகின்றனர். சிவப்பு மையை நாம் சற்றுத் தயங்கியே எடுக்கிறோம்.

மாரி மீண்டும் வரும். மாணவர்களே, குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் மழையின் அழகை எழுதுக. மறுபக்கத்தில் அம்மழை யார் வீட்டினுள் பெய்கிறது என்பதையும் எழுதுக. இரண்டும் சேர்ந்ததே பருவம்.