வழக்கா, சமரசமா?

இனிச் சேர்ந்து வாழ்தல் இயலாதெனத் தெளிந்த கணவனும் மனைவியும் எவ்விதம் பிரிவது? இது சட்டக் கேள்வி மட்டுமன்று, அறக் கேள்வியுமாகும்.

வழக்கென்பது ஒருவர் குற்றத்தை மற்றவர் மெய்ப்பிக்கும் களம். கொடுமை செய்தாரென்றோ, கைவிட்டாரென்றோ எழுதும் ஒவ்வொரு வரியும் பகையை விதைக்கின்றது. வாய்தாக்கள் பெருகுகின்றன, கூலி கரைகின்றது. குழந்தையோ, யார் பக்கம் நிற்பதென்று அறியாமல் விழிக்கின்றது.

ஆலைத் தொழிலாளர்க்கு வேறொரு வழி தெரியும். 1918இல் அகமதாபாத் நெசவாலை வேலைநிறுத்தம் நடுவரிடம் விடப்பட்டது. ஆனந்தசங்கர் துருவர் 35 விழுக்காடு கூலி உயர்வு அளித்தார். தீர்ப்புக்குப் பின்னரும் இரு பக்கத்தாரும் ஒரே ஆலையில் இருந்தாக வேண்டும் அல்லவா? மணமுறிவும் அத்தகையதே. கணவன், மனைவி என்னும் உறவு முறியலாம். தாய், தந்தை என்னும் உறவு முறிவதில்லை.

ஆயினும் ஒரு வேற்றுமையுண்டு. மணத்தை முறிக்கும் அதிகாரம் தனி நடுவர்க்கு இல்லை. மணவழக்குகள் நடுவர் தீர்ப்புக்கு உட்படா என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சமரசத்திற்கோ கதவு திறந்தே உள்ளது. பௌத்தர்க்கும் பொருந்தும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், இருவர் இசைவால் பிரியும் வழி 1976இல் சேர்க்கப்பட்டது. உடன்பாட்டுக்கு முயலும் கடமையை, 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் நீதிமன்றத்தின் மீதே சுமத்தியது. ஜீவனாம்சம், சீர்ப்பொருள், குழந்தையைக் காணும் நாள் ஆகியவற்றைச் சமரசத்தில் பேசி முடிக்கலாம். அதற்குச் சட்ட வலுவளிப்பது நீதிமன்றம்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடலாகாது? விநயம் கூறும் பிணக்குத் தீர்க்கும் ஏழு முறைகளுள் ஒன்று 'புல்லால் மூடுதல்'. கிளறக் கிளறப் பகை வளருமாயின், இரு பக்கத்தாரின் சிறு குற்றங்களைத் தோண்டாது மூடிவிடுதல் அது. ஆனால் பெருங்குற்றங்களை அப்புல் மூடாது. இதுவே நமக்கு அளவுகோல். ஏசிய சொல்லையும் மாமியார் வீட்டு மனத்தாங்கலையும் மூடலாம். அடியையும் உதையையும் மூடலாகாது. அடிபட்ட பெண்ணிடம் 'பொறுத்துப் போ' என்பது சமரசமன்று. அநீதிக்குத் துணை போதலேயாகும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கு அரண். அவள் நீதிமன்றப் படியேறுதல் தம்மத்திற்கு மாறன்று.

சாதிப் பஞ்சாயத்தின் கொடுமையை நம் மக்கள் நன்கறிவர். பெரியவர் நால்வர் கூடிப் பெண்ணின் வாயை அடைத்த அப்பழைய முறைக்குச் சமரசமென்று புதுப்பெயர் சூட்டற்க. சமரசம் செய்பவர் இரு பக்கத்திற்கும் உறவினராகலாகாது. அங்கே பேசியது வெளியே போகலாகாது. 'உடன்படேன்' என்று எழுந்து செல்லும் உரிமை இருவர்க்கும் வேண்டும்.

மறுக்கும் உரிமை உள்ளவரின் இசைவே மெய்யான இசைவு. அவ்வுரிமை உள்ள இடத்தில் சமரசத்தை நாடுவோம். இல்லாத இடத்தில் நீதிமன்றத்தை நாடுவோம். எவ்வழியாயினும், பிரிவோர் பகைவராகாது பிரிவதே அறம்.