ஒரு தவணை உறுப்பினரின் கடன்

2008 மார்ச் 8 மலேசியப் பொதுத்தேர்தலில் பினாங்கின் 13 நாடாளுமன்றத் தொகுதிகளில் 11 எதிர்க்கட்சிகள் வசமாயின. பாயான் பாருவில் ஸஹ்ராயின் ஹாஷிம், நிபோங் திபாலில் டான் டீ பெங், மாநில எல்லையைத் தாண்டிக் கெடாவின் பாடாங் செராயில் என். கோபாலகிருஷ்ணன் என்று மூவர் எதிர்க்கட்சியான பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) சார்பில் வென்றார்கள். 2010இல் முதல் இருவரும், 2011 ஜனவரியில் கோபாலகிருஷ்ணனும் கட்சியை விட்டு விலகினார்கள். பதவியை மட்டும் விடவில்லை. 2013 தேர்தலோடு மூவரின் நாடாளுமன்ற வாழ்க்கையும் முடிந்தது.

அவர்கள் செய்தது துரோகமா?

வாக்குச் சீட்டில் வேட்பாளர் பெயரும் கட்சிச் சின்னமும் ஒரே வரிசையில் இருக்கும். குறி போடும் கட்டம் ஒன்றுதான். இந்தியர் உரிமைகளுக்காக 2007 நவம்பரில் நடந்த இண்ட்ராப் பேரணிக்குப் பிறகு, ஆட்சி மாற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு வரிசையில் நின்ற தமிழர்களில் எத்தனை பேர் ஆளைப் பார்த்துக் குறி போட்டிருப்பார்கள்? அந்த வாக்கில் கட்சிக்கும் பங்குண்டு. கட்சியைப் பிடிக்காமல் போவது உறுப்பினரின் உரிமை. ஆனால் அந்த நம்பிக்கையில் கிடைத்த பதவியைத் தன் சொத்தாக வைத்துக்கொள்வது தகாது.

ஆனால் இவர்களைக் குற்றம் சொல்லும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பதவி விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த அவையில் மீண்டும் இடம்பெற முடியாது என்று அப்போது அரசியலமைப்பே விதித்திருந்தது. மனசாட்சிப்படி விலகி, இடைத்தேர்தலில் நின்று மக்களிடமே தீர்ப்புக் கேட்க நினைத்தவருக்குக் கதவு அடைபட்டிருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. நேர்மையைத் தண்டித்த சட்டத்துக்கும் இந்தப் பழியில் பங்குண்டு. அதற்காக மூவரையும் முழுவதும் விடுவிக்க முடியாது. அரசியல் வாழ்க்கையை இழக்க நேர்ந்தாலும், வாக்களித்தவர்களுக்குப் பட்ட கடன் அதைவிடப் பெரிது.

பினாங்கு சட்டமன்றம் 2012இலேயே கட்சித் தாவலுக்கு எதிரான விதியைக் கொண்டுவந்தது. அது செல்லும் என்று 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்ற மக்களவை 209 வாக்குகளுடன் கட்சித் தாவல் தடையை நிறைவேற்றியது. ஐந்தாண்டுத் தடையும் நீங்கியது. விலகுபவர் தொகுதியை இழப்பார், கட்சியால் நீக்கப்படுபவர் இழக்கமாட்டார். இது சரியான வேறுபாடு. இல்லாவிட்டால் மக்கள் கொடுத்த பதவியைத் தலைமையகம் ஒரு கடிதத்தில் பறித்துவிடும்.

ஆனால் ஒரு கட்சியே மொத்தமாக வேறு கூட்டணிக்குப் போனால் சட்டம் தொடாது. தனி ஆள் போனால் இடைத்தேர்தல், தலைவர் எல்லாரையும் அழைத்துப் போனால் எதுவுமில்லை. நிபோங் திபால் வாக்காளருக்கு இரண்டும் ஒரே இழப்புதான். இரண்டாவதற்கு அவர் யாரிடமும் முறையிட முடியாது.