பிறவிக்குணமும் பயறு வண்டும்

“பிறவிக்குணம் பொங்கலிட்டாலும் போகாது” என்பர் பழமை விரும்பிகள். போகாதா? பயற்றுப் பானையில் வாழும் வண்டைக் கேட்போம்!

1979-இல் திருநெல்வேலியில் பாசிப்பயற்றிலும் உளுந்திலும் திரட்டிய வண்டினம் ஒன்று, கடல் கடந்து அமெரிக்க ஆய்வுக்கூடம் புகுந்தது. அதன் பெண்வண்டு, முட்டை ஒட்டுமுன் விதையை ஆராயும்; முன்னரே முட்டை இருந்தால் பெரும்பாலும் வேறு விதை நாடும். காரணம் உண்டு. அச்சிறு பயற்றுக்குள் இரு புழுக்கள் புகுந்தால், பெரும்பாலும் ஒன்றே வண்டாகி வெளிவரும். பிரேசில் நாட்டு வண்டோ அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. இவ்வேறுபாடு மரபுவழி வருவதே என்று 1989-இல் காட்டினார் பிராங்க் மெசினா என்னும் ஆய்வறிஞர்.

“பார்த்தீரா, எல்லாம் பிறப்பிலேயே!” என்று துள்ள வேண்டா. அதே நெல்லை வண்டினத்தைப் பருமனான தட்டைப்பயற்றில் ஏறத்தாழ 40 தலைமுறை வளர்த்தனர். முட்டையுள்ள விதையை ஒதுக்கும் வழக்கம் தளர்ந்தது! 2003-இல் வெளிவந்தது அம்முடிவு. எந்த ஒரு வண்டும் மனம் திருந்திவிடவில்லை. பெரிய விதையில் பலர் பிழைக்க இடமிருந்தது, ஒதுக்காத தாய்களின் வழி பெருகிற்று.

வண்டைக் காட்டி மனிதனுக்கு நீதி சொல்ல வரவில்லை. அது அறமும் அறியாது, மறமும் அறியாது. ஆயினும், “இவன் பிறப்பே இப்படி” என்று ஏழைச் சிறுவனின் கையிலிருந்து ஏட்டைப் பிடுங்குவோரை ஒன்று கேட்கலாமன்றோ? விதை மாறியதும் வண்டின் மரபே மாறிற்று. ஏடே கொடாமல் அவன் இயல்பை எதைக் கொண்டு அளந்தீர்?