யார் அதிகம்?

"ஜனம் பெருத்துப் போச்சு, அதான் காடு அழிஞ்சு போச்சு." படித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி இது நம் வாயிலும் ஏறிவிட்டது. யாருடைய தலையை எண்ணிவிட்டு இதைச் சொல்கிறார்கள்?

நீலகிரித் தோடர்கள் 1901 கணக்கெடுப்பில் சுமார் 800 பேர். 2011-இல் சுமார் 2,000 பேர். அவர்கள் எருமை மேய்த்த புல்வெளியில் பெரும்பகுதி இன்று இல்லை. பிள்ளை பெற்றா அழித்தார்கள்? தேயிலை போட்டவன் வெள்ளைக்காரன். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை மரத்தையும், ரேயான் கூழுக்குத் தைல மரத்தையும் புல்வெளியில் நட்டது வனத்துறை.

நம் பக்கத்துக்கே வருவோம். எண்ணூர் கழிமுகத்தில் இருளர்கள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சாம்பல் கொட்டித் தூர்த்தது அனல்மின் நிலையம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதன் மேல் எண்ணெய் படர்ந்தது மணலி ஆலைப் பக்கமிருந்து. இதில் இருளர் வீட்டுத் தொட்டிலுக்கு என்ன பங்கு?

"சரி, நாளைக்குப் பழங்குடி ஜனம் பெருகினால்?" என்பார்கள். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்விதான். 2006 வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அனுபவத்தில் இருந்த நிலத்தைத்தான் பழங்குடிக்குத் தருகிறது. அதிகபட்சம் 4 ஹெக்டேர், விற்கவும் முடியாது. காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் கொடுக்கிறது. ஆக, பழங்குடிக்கு வரம்பு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கோ 1961 நில உச்சவரம்புச் சட்டத்திலேயே விலக்கு! இவ்வளவுக்குப் பிறகும், காட்டுயிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரி 13-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே 28-ஆம் தேதி அது நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த நியாயம் நமக்குப் புதுசில்லை. சேரியைச் சுற்றிலும் ஊர்க்காரன் நிலம். 1892-இல் நமக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. ஒரு அடி நகர வழியில்லை. அப்புறம் அவனே சொல்கிறான்: "சேரியில ஒரே நெரிசல்." நெரிசலை உண்டாக்கியது பிள்ளைப்பேறா, வேலியா?

கொஞ்சப் பேராக இருக்கிறவரை இருந்துகொள் என்பதற்குப் பெயர் உரிமை அல்ல, சலுகை. பேரப்பிள்ளை பிறந்தால் பறிபோகிற உரிமை எந்த அறத்தில் சேர்த்தி? தலையை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். கூடவே, எந்தத் தலைக்கு எத்தனை ஏக்கர் என்பதையும் எண்ணிச் சொல்லட்டும். யார் அதிகம் என்பது அப்போது தெரிந்துவிடும்.